‘பதிவு ஏதும் இல்லை’ – இதுவோ முறையான ஆட்சி?

பள்ளியாசிரியன் ஒருவன் காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் செய்யும் முதல் வேலை பதிவேட்டைத் திறப்பதாகும். வந்த பிள்ளை யார், வாராத பிள்ளை யார் எனப் பெயர் பெயராக அழைத்துக் குறிக்கின்றான். ஒரு பெயருக்கு நேரே ஒரு கட்டம் வெறுமையாய் நின்றுவிடினும் மேலலுவலர் வந்து விளக்கம் கேட்பார். ‘அப்பிள்ளையைப் பற்றி என்னிடம் பதிவு ஏதும் இல்லை, ஆகவே உங்கள் கேள்விக்கே இடமில்லை’ என்று அவ்வாசிரியன் விடையிறுத்தால் அவன் வேலை நிலைக்குமா? முப்பதாண்டுக் காலம் இப்பதிவேட்டைச் சுமந்து வரும் எனக்குத் தெரியும், நிலைக்காது.

ஆயினும், அதே விடையை இந்திய நடுவணரசு நாடாளுமன்றத்தில் எழுத்திலேயே தந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து நடந்த போராட்டத்தில் உயிர்நீத்த உழவர் எத்துணையர், அவர்தம் குடும்பங்களுக்குப் பொருளுதவி உண்டா என்று மக்களவையில் வினவப்பட்டது. அன்றைய வேளாண் அமைச்சர் நரேந்திரசிங் தோமர் தந்த விடையின் சாரம் இது: இப்பொருள் பற்றி அமைச்சகத்திடம் பதிவு ஏதும் இல்லை; ஆகவே உதவி பற்றிய வினாவே எழவில்லை.

கேட்டீர்களா, அன்பர்களே! செத்தவன் உண்டு, அவனைச் சுமந்த பாடை உண்டு, அவன் எரிந்த சுடலை உண்டு, அவனை இழந்து அழுத மனைவி உண்டு, அவன் விட்டுச் சென்ற கடன் உண்டு. பதிவு மட்டும் இல்லை! பதிவு இல்லாமையால் அவன் செத்ததும் இல்லை. செத்ததே இல்லாமையால் உதவியும் இல்லை. இத்துணை எளிதாகப் பழியைக் கழுவிக்கொள்ளும் வழியை வேறு எவர் கண்டுபிடித்தார்?

அச்சட்டங்கள் நீக்கப்பட்டு ஆண்டுகள் சில கடந்துவிட்டன. செத்த பாம்பை ஏன் அடிக்கின்றீர் என்று சிலர் கேட்கலாம். சட்டம் செத்தது உண்மை. அச்சட்டத்தைப் பிறப்பித்த வழக்கம் சாகவில்லை. தீய சட்டத்தை நீக்கலாம். குறைபட்ட சட்டத்தைத் திருத்தலாம். சட்டம் செய்யும் கையே கணக்குக் காட்ட மறுக்குமாயின், அதனை எதைக்கொண்டு திருத்துவது? அதுவே இங்கு எழும் கேள்வி. மூன்று சட்டங்களின் கதையில் மூன்று முறை ‘பதிவில்லை’ என்னும் நிலையைக் காண்கின்றோம். ஒவ்வொன்றாகக் காண்போம்.

சட்டங்கள் கூறியவை

முதற் சட்டம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வெளியே விளைபொருளை வாங்கவும் விற்கவும் வழி திறந்தது. வருமானவரிக் கணக்கு எண் அட்டை ஒன்றிருந்தாலே ஒருவர் உழவனிடம் நேரே வந்து கொள்முதல் செய்யலாம். அவ்வணிகத்தின்மேல் மாநில அரசு கட்டணம் ஏதும் தண்டலாகாது. இரண்டாம் சட்டம், விதைப்பதற்கு முன்னரே விலை பேசிப் பெருநிறுவனங்களோடு உழவன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறையைப் பற்றியது. மூன்றாம் சட்டம், இன்றியமையாப் பண்டங்களைக் குவித்து வைப்பதற்கிருந்த தடையைத் தளர்த்தியது. காய்கனிகளின் சில்லறை விலை முன்னைய விலையினும் நூறு விழுக்காடு ஏறினாலன்றி, கெடாத உணவுப் பண்டங்களின் விலை ஐம்பது விழுக்காடு ஏறினாலன்றி, குவிப்புக்கு வரம்பு கட்டுதல் இயலாது என்பது அதன் உள்ளீடு.

அரசு அறிவிக்கும் தாங்குவிலையைப் பற்றி முதலிரண்டு சட்டங்களிலும் உறுதிமொழி ஒன்றும் இல்லை. ‘தாங்குவிலை தொடரும்’ என்று மேடைதோறும் வாயால் கூறினர். ‘அதனையே சட்டத்தில் எழுதுக’ என்றான் உழவன். எழுத மறுத்தனர். வாயால் சொல்வதைக் கையால் எழுத அஞ்சுகின்றவனை எந்த உழவன் நம்புவான்? ஊரில் பத்துக் காசு கடன் கொடுப்பவன்கூடத் தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறானே!

இவற்றினும் கொடியவை உள்ளே புதைந்திருந்தன. முதற் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அச்சட்டத்தின்கீழ் எழும் வழக்குகளைக் குடியியல் வழக்குமன்றங்கள் ஏற்றலாகாது என்று தடுத்தது. உழவன் ஏமாற்றப்பட்டால் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அலுவலரிடம் முறையிடலாம். மன்றத்தின் வாயிலை மிதித்தலாகாது. 13ஆம் பிரிவோ, நன்னோக்கத்தோடு செய்யப்பட்ட எதன்பொருட்டும் அரசின்மீதோ அலுவலர்மீதோ பிறர்மீதோ வழக்குத் தொடுத்தலாகாது என்றது. தவறு செய்தவனுக்குக் காப்பு; தவறுக்கு ஆளானவனுக்குப் பூட்டிய கதவு! பொறுப்பேற்க மறுக்கும் உள்ளம் இப்பிரிவுகளிலேயே எழுத்தாகக் கிடந்தது.

இன்னொன்று. வேளாண்மை, அரசமைப்பின் ஏழாம் இணைப்பில் மாநிலப் பட்டியலின் 14ஆம் வரிசையில் உள்ளது. சந்தைகள் 28ஆம் வரிசையில் உள்ளன. 1954ஆம் ஆண்டு மூன்றாம் திருத்தத்தால் விரிவாக்கப்பட்ட பொதுப் பட்டியலின் 33ஆம் வரிசையில் உணவுப்பொருள் வணிகம் நிற்கின்றது. அந்த ஒரு சன்னலின் வழியே உள்ளே புகுந்து, மாநிலங்களின் வீட்டிற்குள் நடுவணரசு சட்டம் செய்தது. வாயிற்கதவைத் தட்டி வந்தவன் விருந்தினன்; சன்னல் ஏறி வந்தவனை என்னென்பது?

முதல் ‘பதிவில்லை’: யாரைக் கேட்டனர்?

2020 சூன் 5ஆம் நாள் இம்மூன்றும் அவசரச் சட்டம் என வழங்கும் விரைவாணைகளாகப் பிறந்தன. கொரோனா நோய்த்தொற்றின் ஊரடங்கு முற்றும் நீங்காத காலம் அது. வேலையிழந்த மக்கள் பல நூறு கல் தொலைவைக் காலால் நடந்து ஊர் திரும்பிய காலம். கூட்டம் கூடலாகாது, ஊர்வலம் செல்லலாகாது என்று அரசே கட்டளையிட்டிருந்த காலம். மக்கள் வாய்க்கு முகக்கவசம் இட்டிருந்த அவ்வேளையே, பல கோடி உழவரின் வாழ்வை மாற்றும் ஆணைகளுக்கு உகந்த வேளையெனத் தேர்ந்துகொண்டனர். விதைப்புக்கும் அறுப்புக்கும் பருவம் உண்டென்பது உழவன் அறிவான். சட்டத்தை ஒளித்து விதைப்பதற்கும் பருவம் உண்டென்பதை அன்றுதான் அறிந்தான்.

இச்சட்டங்களைச் செய்யுமுன் யாரைக் கலந்தீர்கள்? எந்த உழவர் அமைப்பு, எந்த மாநில அரசு, எந்த நாளில், என்ன கூறியது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இவை கேட்கப்பட்டன. வேளாண் அமைச்சகத்தின் அலுவலர் தந்த மறுமொழி 2021 சனவரியில் ஏடுகளில் வெளிவந்தது. அவரிடம் அதுபற்றிய பதிவு ஏதும் இல்லையாம்!

அதே சனவரியின் 11ஆம் நாள், அதே அரசு உச்ச அறமன்றத்தில் உறுதிமொழி ஆவணம் ஒன்றை அளித்தது. இச்சட்டங்கள் விரைந்து செய்யப்பட்டவை அல்ல. இருபதாண்டுக் கலந்தாய்வின் விளைவு என்று அதில் கூறியது. இருபதாண்டுக் கலந்தாய்வுக்கு ஒரு தாள் பதிவில்லையா? இருபதாண்டுகள் பேசியவர்கள் காற்றிலா பேசினர்? பேசியது மெய்யாயின் பதிவைக் காட்டுக; பதிவில்லை என்பது மெய்யாயின், பேசியதாகக் கூறியதை என்னென்பது? இரண்டில் ஒன்று வாய்மைக்குப் புறம்பானது. எது என்பதை அரசே கூறட்டும்.

2014ஆம் ஆண்டிலேயே நடுவணரசு ஒரு கொள்கை வகுத்திருந்தது. எந்தச் சட்டத்தின் வரைவையும் குறைந்தது முப்பது நாள் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும். கலந்தாய்வு இயலாதெனின், ஏன் இயலாது என்பதை அமைச்சரவைக்குரிய குறிப்பில் எழுதி வைக்கலாம் என்பது அது. தான் போட்ட கோட்டைத் தானே தாண்டிய அரசிடம், பிறர் போட்ட கோட்டை மதிக்கும் பண்பை எதிர்பார்ப்பது யாங்ஙனம்?

இரண்டாம் ‘பதிவில்லை’: யார் வாக்களித்தனர்?

செப்டம்பரில் நாடாளுமன்றம் கூடியது. நோய்த்தொற்றைக் காட்டி, அக்கூட்டத்தொடரில் வினா நேரமே நீக்கப்பட்டது. வினா நேரம் என்பது என்ன? அமைச்சரை எழுப்பி நிறுத்தி, ‘ஏன் செய்தாய்?’ என்று மக்களின் பெயரால் கேட்கும் நேரம். சட்டம் செய்வதற்கு நோய் தடையில்லை. கேள்வி கேட்பதற்கு மட்டும் நோய் தடையாயிற்று!

17ஆம் நாள் மக்களவையில் உழவர் பற்றிய இரண்டு வரைவுகள் நிறைவேறின. ஆளுங்கூட்டணியிலேயே இருந்த அகாலி தளத்தின் அமைச்சர் அர்சிம்ரத் கவுர் பாதல் அன்றே பதவி துறந்தார். கூட்டாளிக்கே ஒவ்வாத சட்டம் என்பது அப்பொழுதே வெளிப்பட்டது.

20ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவை. ஒரு மணிக்கு முடியவேண்டிய அவையை எதிர்க்கட்சிகளின் இசைவின்றி நீட்டித்தார் துணைத்தலைவர் அரிவன்சு. வரைவுகளைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புக என்ற முன்மொழிவுகள் இருந்தன. அவற்றின்மீது எண்ணி வாக்கெடுக்குமாறு உறுப்பினர்கள் கேட்டனர். அவ்வாறு கேட்டவருள் ஒருவர் நம் தமிழகத்தின் திருச்சி சிவா. உறுப்பினர் குரல் வாக்கெடுப்பை ஏற்காமல் எதிர்த்துக் கேட்டால் எண்ணி வாக்கெடுப்பதே அவையின் முறை. எண்ணவில்லை. ‘ஆம் என்போர், இல்லை என்போர்’ என்று குரலால் கேட்டுப் பேரிரைச்சலுக்கு நடுவே ‘ஆம்’ என்று முடித்தனர்.

கேட்டவர்கள் தத்தம் இருக்கையில் இல்லை. ஆகவே எண்ணவில்லை என்று பின்னர்க் கரணியம் கூறினர். திருச்சி சிவா தம் இருக்கையில் இருந்தவாறே கேட்டதை அவையின் தொலைக்காட்சிப் படம் காட்டியதாக ஏடுகள் எழுதின. மறுநாள் நடந்தது யாது? எதிர்த்து ஆரவாரித்த உறுப்பினர் எண்மர், எஞ்சிய கூட்டத்தொடர் முழுமைக்கும் அவையினின்று நீக்கப்பட்டனர். அத்திங்கள் முடியுமுன் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்துவிட்டது.

அவையில் சிலர் முறைகேடாக நடந்துகொள்ளவில்லையா, ஒலிபெருக்கியைப் பிடித்திழுக்கவில்லையா, தாளைக் கிழிக்கவில்லையா என்பீர்கள். நடந்துகொண்டனர், அது பாராட்டுதற்குரியதன்று. ஆயினும் எண்ணியிருந்தால் அவ்வாரவாரம் அன்றே அடங்கியிருக்கும். பெரும்பான்மை தம்மிடம் இருந்தது என்கின்றனர். இருந்திருக்கலாம். இருந்தால் எண்ணுவதற்கு என்ன அச்சம்? கையில் பொன் உள்ளவன் தராசைக் கண்டு ஓடுவானா?

இதன் உட்பொருளை நம் அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். குரல் வாக்கெடுப்பில் இரைச்சல் பதிவாகும், பெயர் பதிவாகாது. எந்த உறுப்பினர் எப்பக்கம் வாக்களித்தார் என்று நாளை அவர் ஊரிலுள்ள உழவன் கேட்டால், காட்டுதற்கு ஏடு இல்லை. யார் கலந்தாய்ந்தனர் என்பதற்குப் பதிவில்லை. யார் வாக்களித்தனர் என்பதற்கும் பதிவில்லை. தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பிள்ளை மட்டும் பிறந்துவிட்டது!

மூன்றாம் ‘பதிவில்லை’: யார் செத்தனர்?

2020 நவம்பர் 26 அன்று பஞ்சாபு, அரியானா உழவர்கள் தில்லி நோக்கிப் புறப்பட்டனர். நெடுஞ்சாலையைக் குழிதோண்டி மறித்தனர். கடுங்குளிரில் நீரைப் பீய்ச்சினர். கண்ணீர்ப் புகை வீசினர். சிங்கு, திக்ரி, காசிப்பூர் என்னும் எல்லைகளில் உழவர்கள் தங்கள் இழுவைவண்டிகளையே வீடாக்கி அமர்ந்தனர். மார்கழிப் பனியிலும், சித்திரை வெயிலிலும், நோய்த்தொற்றின் இரண்டாம் அலையிலும் ஓராண்டுக்கு மேல் அவ்விடம் விட்டு அகலவில்லை.

அரசு அவர்களோடு 11 சுற்றுப் பேசியது. 2021 சனவரி 22க்குப் பின் பேச்சு நின்றது. பிப்பிரவரியில் மாநிலங்களவையில் தலைமையமைச்சர் நரேந்திர மோடி, போராட்டத்தையே பிழைப்பாகக் கொண்டு வாழும் ஒரு கூட்டத்தார் உளர் என்று எள்ளி, அவர்க்கென ஒரு புதுச்சொல்லையே ஆக்கினார். சோறு கொடுப்பவனைப் பார்த்து, பிழைப்புக்காகப் போராடுகின்றாய் என்பது எத்துணைப் பெரிய நகை! அவன் பிழைப்பு உழவு. அதனைக் காக்கவே அவன் தெருவில் கிடந்தான்.

உச்ச அறமன்றம் சனவரி 12 அன்று சட்டங்களை நிறுத்திவைத்து, நால்வர் குழு ஒன்றை அமைத்தது. ஒருவர் விலகினார், மூவர் ஆய்ந்து 2021 மார்ச்சு 19 அன்று மூடி முத்திரையிட்ட உறையில் அறிக்கை அளித்தனர். உறை திறக்கப்பட்டு மக்கள் முன் வைக்கப்படவில்லை. சட்டங்கள் நீங்கிய பின்னர், 2022 மார்ச்சில், குழுவினருள் ஒருவர் தாமே அதனை வெளியிட்ட பொழுதுதான் நாடு கண்டது. மக்களைப் பற்றி மக்களிடமே கேட்டு எழுதியதை மக்களுக்கு மறைத்து வைப்பது எவ்வகை அறம்?

2021 நவம்பர் 19 அன்று தலைமையமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றிச் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பொறுத்தருளவும் வேண்டினார். எதற்காக? சட்டம் தவறென்பதற்காக அன்று. தம் தவத்தில் ஏதோ குறை இருந்திருக்கலாம் என்றும், விளக்கொளி போன்ற உண்மையை உழவருள் சிலர்க்கு விளங்க வைக்க இயலவில்லை என்றும் வருந்தினார். குறை சட்டத்தில் இல்லை. உழவனின் அறிவில் உள்ளது என்பதே அதன் பொருள்.

பத்து நாள் கழித்து, நவம்பர் 29 அன்று, நீக்கச் சட்டம் ஈரவைகளிலும் ஒரே நாளில், உரையாடல் ஏதுமின்றி, மணித்துளிகளில் நிறைவேறியது. அதன் நோக்க விளக்கத்திலும், உழவருள் ஒரு பிரிவினர் மட்டுமே எதிர்க்கின்றனர் என்றே எழுதினர். செய்தபொழுதும் பேச விடவில்லை. நீக்கியபொழுதும் பேச விடவில்லை. பேசியிருந்தால் ‘ஏன் செய்தாய், ஏன் நீக்கினாய், இடையில் மாண்டவர்க்கு என்ன விடை?’ என்று ஒருவர் எழுந்து கேட்டிருப்பார். அக்கேள்விக்கு அஞ்சியே கதவைச் சாத்தினர்.

மாண்டவர் ஏறத்தாழ எழுநூற்றுவர் என்றனர் உழவர் அமைப்பினர். பஞ்சாபு மாநில அரசு, இறந்த உழவர் குடும்பங்கள் பலவற்றுக்கு இழப்பீடே தந்திருந்தது. அதனிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. நடுவணரசு ஒரு மடல் எழுதிக் கேட்டிருந்தால் மறுநாளே வந்திருக்கும். கேட்கவில்லை. பதிவு இல்லாமற் போகவில்லை. பதிவு வேண்டாமற் போயிற்று.

நம் முன்னோர் வைத்த அளவுகோல்

ஆண்டுதோறும் நான் மாணவர்க்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்துகின்றேன். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: ‘ஐயா, கொல்லன்தானே பொய் சொன்னான்? அரசன் ஏன் சாக வேண்டும்? கொல்லனைத் தண்டித்துவிட்டு இருந்திருக்கலாமே?’

நல்ல கேள்வி. அரசியலின் வேரைத் தொட்ட கேள்வி. பாண்டியன் நெடுஞ்செழியன் செய்ததும் ஒரு விரைவாணைதான். ஆராயவில்லை, எவரையும் கலக்கவில்லை, கொல்லன் சொன்னதைக் கேட்டுக் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். அத்தவற்றில் அவன் இற்றை ஆட்சியாளர்க்கு முன்னோடி. அதன்பின் நடந்தவற்றிலேதான் வேறுபாடு உள்ளது. வேற்றூர்ப் பெண் ஒருத்தி தலைவிரி கோலமாய் வாயிலில் நின்று முறை கேட்டாள். அவன் வாயிலைக் குழிதோண்டி மறிக்கவில்லை. உள்ளே வரவிடச் சொன்னான். சான்று கேட்டான், சிலம்பைக் கொணர்வித்து அவையோர் காண அவள் முன் வைத்தான், முத்திரையிட்ட உறையில் ஒளிக்கவில்லை. சிலம்பினின்று முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தபொழுது, ‘இவளுக்கு விளங்க வைக்க இயலவில்லை’ என்று கூறவில்லை. கொல்லன்மேல் பழி போடவுமில்லை. ஆணை தன்னுடையது, ஆகவே தவறும் தன்னுடையது என்று ஏற்று, அரியணையிலேயே உயிர் துறந்தான்.

இற்றை அமைச்சர் எவரும் உயிர் துறக்க வேண்டா. ஒரு வரி போதும்: ‘நாங்கள் ஆராயாது செய்தோம், அது எம் தவறு, மாண்டவர் பெயர்கள் இவை.’ அந்த ஒரு வரிக்கு இத்துணைப் பஞ்சமா?

இன்னொரு சான்றும் உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள் ஊரவை வாரியங்களுக்கு ஆள் தேரும் குடவோலை முறையைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேரப்படத் தகுதியற்றவன். அவன் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். அது பார்ப்பனர் ஊரவை. நிலமும் கல்வியும் உடையார்க்கே உரிய அவை. எல்லார்க்கும் உரிய குடியாட்சி அன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்பதைக் கல்லில் பொறித்து வைத்தனர். கல்லில் பொறித்தவன் மரபில் வந்தவர்கள் நாம். தாளில்கூடப் பதியாதவன் ஆட்சியில் வாழ்கின்றோம்.

நம் வீட்டுக் குப்பையும் நோக்குக

பிறரைப் பழிக்குமுன் நம் முற்றத்தையும் நோக்குதல் நேர்மை. 2020இல் தமிழகத்தை ஆண்ட கட்சி இச்சட்டங்களை ஆதரித்தது. பின் ஆட்சி மாறி, 2021 ஆகத்து 28 அன்று சட்டங்களை நீக்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. நன்று. ஆனால் அத்தீர்மானம் இயற்றிய அதே ஆட்சி, 2023 ஏப்பிரல் 21 அன்று, தொழிலாளர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைக்க வழிசெய்யும் திருத்தத்தைத் தோழமைக் கட்சிகளும் எதிர்த்து வெளிநடக்க, கூட்டத்தொடரின் இறுதி நாளில் குரல் வாக்கெடுப்பால் நிறைவேற்றியது. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே முதல் நாளில் திரும்பப் பெற்றதாக அறிவித்தது. திரும்பப் பெற்றதைப் பாராட்டுவோம். தொழிலாளரைக் கேளாமல் கொண்டுவந்ததை மறவோம். தில்லியில் குற்றமாவது சென்னையில் குணமாகாது.

இனி, அவ்வேளாண் சட்டங்களில் நன்மையே இல்லையா என்பாரும் உளர். நம்மூர் நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் மழையில் நனைந்து முளைப்பதையும், எடையிலும் ஈரத்திலும் உழவன் இழப்பதையும் நாம் அறியாதவர் அல்லோம். பழைய முறையில் குறை உண்டு; மாற்றம் வேண்டும். நன்மை உள்ள மாற்றமாயின் அதனைப் பகலில் கொண்டுவருக. நல்ல மருந்து என்று நம்பும் மருத்துவன், நோயாளி உறங்கும்பொழுது வாயைப் பிளந்து ஊற்றுவதில்லை.

பாடம் கற்றனரா?

கற்றிலர். 2023 திசம்பரில், நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி அமைச்சர் அவையில் விளக்கம் தருக என்று கேட்ட உறுப்பினர் 146 பேர் ஈரவைகளினின்றும் நீக்கப்பட்டனர். அவ்விருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தபொழுதே, நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் முழுதாக மாற்றப்பட்டன. 2024 சூலை 1 முதல் அவை நடப்பில் உள்ளன. அவற்றின் பெயர்களும் நம் மக்கள் நாவில் புகாத வடசொற்கள். தன்னைத் தண்டிக்கும் சட்டத்தின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத நிலையில் ஒரு குடிமகனை நிறுத்துவது, அவனை ஆளுவதா, அடக்குவதா?

தாங்குவிலைக்குச் சட்ட உறுதி கேட்டு 2024 பிப்பிரவரியில் உழவர்கள் மீண்டும் தில்லி நோக்கிப் புறப்பட்டனர். மீண்டும் சாலையில் கற்சுவர். மீண்டும் கண்ணீர்ப் புகை. விடை சொல்லப்படாத கேள்வி, எத்தனை முறை துரத்தினும் வாயிலுக்குத் திரும்பி வரும்.

நாம் கேட்பவை

ஒன்று: 2014ஆம் ஆண்டுக் கலந்தாய்வுக் கொள்கை, விரும்பினால் பின்பற்றும் கொள்கையாக இராமல், மீறின் சட்டம் செல்லாது என்னும் வலிமையுடைய சட்டமாதல் வேண்டும். யாரைக் கலந்தனர், அவர் என் சொல்லினர் என்னும் பதிவு, வரைவோடு இணைந்து அவைக்கு வருதல் வேண்டும்.

இரண்டு: வரைவுகள் மக்கள் மொழிகளில் வருதல் வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டனர். எட்டாம் இணைப்பின் மொழிகள் அனைத்திலும் வெளியிடுக என்று அவ்வாண்டு சூன் 30 அன்று தில்லி உயர் அறமன்றம் ஆணையிட்டது. அதனை ஏற்று மொழிபெயர்ப்பதை விட்டு, அரசு உச்ச அறமன்றத்திற்கு ஓடியது. தமிழில் படிக்கக் கொடாமல் தமிழனின் கருத்தைக் கேட்பது, செவியைப் பொத்திவிட்டுக் கதை சொல்வதாகும்.

மூன்று: சட்ட வரைவு எதுவாயினும் எண்ணியே வாக்கெடுத்தல் வேண்டும், ஒவ்வோர் உறுப்பினர் பெயரும் அவர் நின்ற பக்கமும் ஏட்டில் ஏறுதல் வேண்டும். இது சட்டமன்றங்களுக்கும் பொருந்தும்.

நான்கு: ஒரு சட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் உயிரிழந்தோர் பெயர்களை அரசு பதிந்து, அவை முன் வைத்தல் வேண்டும். அவர்கள் அரசின் பகைவர் அல்லர், அரசின் குடிகள்.

அன்பர்களே! அரசு பதிய மறுப்பதை நாம் பதிவோம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு குறிப்பேடு தொடங்குக. நம் தொகுதி உறுப்பினர் எந்தச் சட்டத்திற்கு என்ன பேசினார், எதற்கு வாய் மூடியிருந்தார், எதற்கு வெளியேறினார் என்று நாளிட்டு எழுதுக. அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே வினவுக. வரும் மறுமொழியை, ‘பதிவில்லை’ என்பதாயினும், அவ்வேட்டில் ஒட்டி வைக்குக. வாக்குக் கேட்டு அவர் உங்கள் தெருவுக்கு வரும் நாளில், மாலைக்கு முன் அவ்வேட்டை நீட்டுக.

பெயர் பெயராக அழைப்போம். ‘உள்ளேன்’ என்று எழுந்து விடை சொல்லாதவனுக்கு நேரே, ஓர் ஆசிரியன் இடும் குறியை நாமும் இடுவோம். அக்குறி அழியாது!